நகைப்பும் தீர்ப்பும்: ‘இரத்தக் கண்ணீர்’ நாடகத்தைப் பற்றி ஒரு நோக்கு

முத்தையாபுரத்தை அடுத்த உப்பளச் சிற்றூர் ஒன்றில் நாம் சேகரப் பணியிலிருந்த காலத்தில், கிறிஸ்து பிறப்புப் பண்டிகைக்கு முந்திய இரவு, வாலிபர் சங்கத்தார் நாடகம் ஒன்றை நடத்தினர். பத்துக் குஷ்டரோகிகள் குணமடைந்த வரலாறு அது. பத்துப் பேருள் ஒருவனாக வந்த இளைஞன் விரல்களை மடக்கி, ஒரு காலை இழுத்து, தொண்டையைக் கரகரப்பாக்கிக்கொண்டு, எம். ஆர். ராதாவின் குரலில் பேசத் தொடங்கினான். கூட்டம் கொல்லென்று சிரித்தது. நாமும் சிரித்தோம் என்பதை மறைப்பதற்கில்லை. நோய் நீங்கிப் பல்லாண்டுகள் ஆன பின்னும் மடங்கிய விரல்களை மேல்துண்டுக்குள் மறைத்தே பழகிய சபையார் ஒருவர் பின்வரிசையில் அமர்ந்திருந்தார் என்பது, அவர் எழுந்து வெளியே சென்றபோதுதான் நம் நினைவுக்கு வந்தது. மறுநாள் ஆராதனைக்கு அவர் வந்தார். நாடகத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

அந்த இளைஞனைக் கடிந்துகொள்வது எளிது. ஆனால் அவன் அந்தக் குரலை எங்கிருந்து இரவல் பெற்றான், பெறும்போது எதை எடுத்துக்கொண்டு எதை விட்டுவிட்டான் என்று ஆராய்வதே நமக்குப் பயன் தரும்.

‘இரத்தக் கண்ணீர்’ திருவாரூர் கே. தங்கராசு எழுதியது. 1940களின் இறுதியில் மேடையேறி, ராதாவின் நாடகமாகவே தமிழகமெங்கும் பெயர்பெற்றது. 1954இல் கிருஷ்ணன் – பஞ்சு இயக்கத்தில் திரைப்படமாகவும் வந்தது. மேடையிற் கண்ட முதியோர் சொல்லக் கேட்டும், திரைப்படத்தின் வாயிலாகவும் நாம் அதை அறிவோம். திருமண வீடுகளில் ஒலிபெருக்கி கட்டி அதன் உரையாடலை முழுவதும் ஒலிபரப்பிய காலமும் ஒன்றிருந்தது. அக்காலத்துப் பிள்ளைகள் ஞாயிறு பள்ளி மனப்பாட வசனங்களைவிட அவ்வுரையாடலையே பிழையின்றிச் சொன்னார்கள். கதை யாவரும் அறிந்ததே. மேல்நாட்டுப் படிப்பு முடித்துத் திரும்பும் மோகனசுந்தரம் தாயையும் ஊரையும் இகழ்கிறான். மனைவி சந்திராவைத் தள்ளிவிட்டுக் காந்தா என்னும் தாசியிடம் பொருளையெல்லாம் இழக்கிறான். குஷ்டநோய்க்கு ஆளாகி, பார்வையும் போய், காந்தாவின் வீட்டிலிருந்து துரத்தப்பட்டுத் தெருவில் பிச்சை எடுக்கிறான். முடிவில் தன் மனைவியை நண்பன் பாலுவுக்கு மணமுடித்து வைத்து, தன் உருக்குலைந்த மேனியையே சிலையாக வடித்து ஊருக்கு எச்சரிக்கையாக நிறுத்தும்படி கேட்கிறான்.

இந்நாடகத்தின் நகைச்சுவையைச் சற்று நின்று நோக்க வேண்டும். உடற்குறையை நகைப்புக்குரியதாக்குவது தமிழ் மேடைக்குப் பழக்கமானதே. தமிழ் நாடகத் தலைமையாசிரியர் என்று போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் 1867இல் தூத்துக்குடி வட்டாரத்தில் பிறந்தவர். உப்புப் பண்டகசாலையில் கணக்கராயிருந்து நாடகத்துக்கு வந்தவர். அவர் வகுத்த நாடகங்களை இன்றும் நடித்துவரும் ஸ்பெஷல் நாடக மேடையில், பபூன் திக்கிப் பேசினாலோ நொண்டி நடந்தாலோ கைதட்டல் எழுகிறது. அங்கே திக்குபவன் தன் திக்கலைப் பற்றி ஏதும் சொல்வதில்லை. அவன் திக்குகிறான், நாம் சிரிக்கிறோம், அவ்வளவே. (சுவாமிகளே தம் இறுதி நாட்களில் பக்கவாதத்தால் பேச்சிழந்து 1922இல் மறைந்தார் என்பதை இங்கே நினைக்கும்போது மனம் கனக்கிறது. ஆயிரமாயிரம் பாடல்களுக்குச் சொல் தந்த வாய் அது.)

ராதா செய்தது வேறு. அவருடைய மோகன் நோயுற்ற பின்னர் வாயடைத்துப் போவதில்லை. கையும் காலும் கண்ணும் போன பின்னும் அவனுடைய நாவு போகவில்லை. மேடையிலிருப்போர் அனைவரினும் கூரிய மதியுடையவன் அவனே. பிச்சையிடுபவனின் புண்ணியக் கணக்கையும், சாமியார்களின் வேடத்தையும், முகஞ்சுளித்து ஒதுங்கும் கனவான்களின் நாகரிகத்தையும் அவன் கிழித்தெறிகிறான். இரக்கத்தை அவன் கேட்பதில்லை. கிடைத்தாலும் நகையாடியே வாங்கிக்கொள்கிறான். முற்பகுதியில் செல்வச் செருக்கோடு பிறரை ஏளனம் செய்த அதே நாவு, பிற்பகுதியில் உலகத்தின் கீழிருந்து மேலே பார்த்துப் பேசும்போது உண்மை பேசுகிறது. உரத்த குரலும் நலிந்த குரலுமாக ஒரே வாக்கியத்துக்குள் ராதா ஏறி இறங்குவது வெறும் குரல் வித்தையன்று. அழிந்துவரும் உடலுக்குள்ளிருந்து அழியாத ஒருவன் பேசுவதை அது காட்டுகிறது. நோயாளியை இத்துணை முழுமையான மனிதனாக, அதாவது நல்லவனாக அன்று, மனிதனாக, நிறுத்திய பாத்திரங்கள் தமிழ் மேடையில் மிகச் சில.

ஆயினும் நாடகத்தின் கட்டமைப்பு அந்த நாவுக்கு எதிராகவே நிற்கிறது. கதையில் நீதிமன்றக் காட்சி இல்லை. கதை முழுவதுமே ஒரு நீதிமன்றம். தாயை இகழ்ந்தான், மனைவியைத் தள்ளினான் என்பன குற்றப்பத்திரிகை. நோயே தீர்ப்பு. உடலே தண்டனை நிறைவேறும் இடம். அந்தச் சிலையோ தீர்ப்பின் நகல். நாத்திகத்தையும் பகுத்தறிவையும் முழங்கிய மேடை, ஊழ்வினைக் கொள்கையையே வேறு உடையில் அரங்கேற்றிவிட்டது என்று சொல்லத் துணிகிறோம். தீய ஒழுக்கத்தால் நோய் வந்தது என்பது காரண காரிய விளக்கமேயன்றி வினைப்பயன் அன்று என ராதாவின் அன்பர்கள் மறுக்கக்கூடும். அந்த மறுப்பு நிற்காது. குஷ்டம் காமத்தால் வருவதன்று. நார்வே நாட்டு ஹேன்சன் அதன் கிருமியை 1873இலேயே கண்டறிந்துவிட்டார். அக்கிருமி உடலிற் புகுந்தாலும் மிகப் பெரும்பாலோரை நோய் தொடுவதில்லை. விரல்கள் தாமே அழுகி விழுவதுமில்லை. உணர்ச்சி இழந்த கையில் தீயும் ஆணியும் செய்யும் காயமே அவற்றைத் தின்கிறது என்பதை வேலூரில் பால் பிராண்ட் போன்ற மருத்துவர்கள் விளக்கிக் காட்டினர். 1980களின் தொடக்கத்திலிருந்து கூட்டு மருந்துச் சிகிச்சையால் நோய் முற்றிலும் குணமாகிறது.

உப்பளக்கரையில் வாழ்வோருக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. வெயிலில் வெண்பாத்தியைப் பார்த்துப் பார்த்துப் பார்வை மங்கியவர்களும், உப்புநீரில் பாதம் வெடித்துப் புண் ஆறாதவர்களும் அங்கே வீட்டுக்கு வீடு உண்டு. முன்னாளில் முத்துக்கும் சங்குக்கும் மூழ்கியோரிற் பலர் செவிப்பறை கிழிந்து செவிடானார்கள். உடல் எதனால் உடைகிறது என்பதை அந்த மக்கள் அறிவார்கள். அப்படியிருந்தும் குஷ்டம் என்றவுடன் அவர்களும் பாவத்தைத் தேடினார்கள் என்றால், அதைக் கற்பித்தவர் ராதா மட்டுமல்லர்.

நம் பிரசங்க பீடத்தைப் பற்றிப் பேசுகிறோம். ‘பாவக் குஷ்டம்’ என்னும் தொடரை எத்தனை பேர் எத்தனை முறை பயன்படுத்தியிருக்கிறோம்! மிரியாமும் கேயாசியும் உசியாவும் நம் கைக்கு எளிதில் வருகிறார்கள்; யோபு அத்தனை எளிதில் வருவதில்லை. லேவியராகமத்தின் 13, 14ஆம் அதிகாரங்கள் தோலிலும் துணியிலும் வீட்டுச் சுவரிலும் காணும் பலவகைக் கறைகளைப் பற்றிப் பேசுகின்றன, இன்றைய மருத்துவம் சொல்லும் ஒரு நோயைப் பற்றி அல்ல, என்பதை வகுப்பறையில் கற்கிறோம், பீடத்தில் மறந்துவிடுகிறோம். குஷ்டரோக மருத்துவமனைகளைக் கட்டியதும் நாம்தான். அந்நோயைப் பாவத்தின் படமாக்கியதும் நாம்தான்.

நாட்டின் சட்டமும் இதே பாடத்தைப் படித்தது. 1898ஆம் ஆண்டின் குஷ்டரோகிகள் சட்டம் 2016இல்தான் நீக்கப்பட்டது. 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் தீராக் குஷ்டத்தை மணமுறிவுக்குரிய காரணங்களுள் வைத்தது. மோகன் தானே மனைவியை விடுவித்ததைச் சட்டம் பின்னர் பொதுவிதியாக்கியது போலும்! கிறிஸ்தவர்களுக்குரிய மணமுறிவுச் சட்டத்தின் வரலாறு இன்னும் வியப்பானது. 1869இல் இயற்றப்பட்டபோது அக்காரணம் அதில் இல்லை. 2001இல் திருத்தப்பட்டபோது, அதாவது குணப்படுத்தும் மருந்து வந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழிந்த பின், அது புதிதாகச் சேர்க்கப்பட்டது. 2019இல் நாடாளுமன்றம் இச்சட்டங்கள் அனைத்திலிருந்தும் அதை எடுத்துவிட்டது. இடைப்பட்ட பதினெட்டு ஆண்டுகளில் திருமணங்களைப் பதிவு செய்துவந்த நம் குருமாருள் எத்தனை பேர் இதைக் கவனித்தோம்?

நாடகத்தையும் சட்டம் விட்டுவைக்கவில்லை. 1954இல் சென்னை மாகாண அரசு இயற்றிய நாடக நிகழ்ச்சிகள் சட்டம் ராதாவின் நாடகங்களை, குறிப்பாக அவருடைய இராமாயண நாடகத்தை, மனத்திற்கொண்டே எழுந்தது என்பர். அதன் முக்கியப் பிரிவுகள் செல்லா என்று 2013இல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது; வழக்குத் தொடுத்தவர் பரீக்‌ஷா நாடகக் குழுவின் ஞாநி. சமயத்தை ஏளனம் செய்த மேடைக்காகச் சபை வருந்த வேண்டியதில்லை என்று நினைப்போர் நம்மிடையே இருக்கலாம். ஏளனத்தைக் காவல்துறையின் கையால் அடக்குவது நம் வேலையன்று என்பதே நம் கருத்து.

அப்படியானால் எந்த நகைப்பும் தகுமா? 2024 ஜூலையில் உச்சநீதிமன்றம், மாற்றுத்திறனாளிகளை இழிவுபடுத்தியதாக ஓர் இந்தித் திரைப்படத்தின் மீது தொடுக்கப்பட்ட வழக்கில், பயனுள்ள ஒரு வேறுபாட்டைக் காட்டியது. உடற்குறையோடு வாழ்வதைப் புரியவைத்து, அதைப் பற்றிய நம் தப்பெண்ணங்களை அசைக்கும் நகைச்சுவை ஒன்று. அம்மனிதரைச் சிறுமைப்படுத்தி முடக்கும் நகைச்சுவை மற்றொன்று. இவ்வளவுகோலை ‘இரத்தக் கண்ணீர்’ மீது வைத்தால், மோகனின் நாவு முதல் வகையிலும் அவனுடைய முடிவு இரண்டாம் வகையிலும் விழுகின்றன. நம் வாலிபர் சங்க மேடையோ குரலையும் மடங்கிய விரலையும் மட்டும் எடுத்துக்கொண்டு நாவை விட்டுவிட்டது. அந்தப் பத்துப் பேருக்கும் நாம் எழுதிக் கொடுத்திருந்த உரையாடல் இரண்டே வரி.

இங்கே யோவான் நற்செய்தியின் 9ஆம் அதிகாரத்தை நாடகக் கண்கொண்டு வாசிக்குமாறு மாணவர்களை வேண்டுகிறோம். அமெரிக்க அறிஞர் லூயிஸ் மார்ட்டின் 1968இல் வெளியிட்ட நூலில் அதை ஈரடுக்கு நாடகமாகக் கண்டு, காட்சி காட்சியாகப் பிரித்துக் காட்டினார். இயேசுவின் காலத்துக் கதையும், தொழுகைக்கூடத்திலிருந்து தள்ளப்பட்ட யோவானின் சபையாரது கதையும் அதில் ஒருங்கே நடிக்கப்படுகின்றன என்பது அவர் கருத்து. நாம் கவனிக்க வேண்டியது வேறொன்றும் உண்டு. குணமாக்குதல் இரண்டே வசனங்களில் முடிந்துவிடுகிறது. விசாரணையோ 8ஆம் வசனந்தொட்டு 34 வரை நீள்கிறது. அண்டை வீட்டார் ஆளை அடையாளம் காண்பதிலேயே தடுமாறுகிறார்கள். சாட்சிக்கு அழைக்கப்பட்ட பெற்றோர், அவன் வயது வந்தவன், அவனையே கேளுங்கள் என்று நழுவுகிறார்கள். ஒரே கேள்வியை மீண்டும் கேட்கும் பரிசேயரை, நீங்களும் அவருக்குச் சீடராக ஆசைப்படுகிறீர்களோ என்று அந்த மனிதன் வினவும்போது நகைக்காதவர் அவ்வதிகாரத்தை வாசிக்கவில்லை என்றே சொல்வோம். ராதாவின் மோகனுக்கு இருந்த அதே நாவு! ஆனால் இங்கே தீர்ப்பு தொடக்கத்திலேயே தலைகீழாக்கப்படுகிறது. பாவம் செய்தது இவனோ, இவன் பெற்றோரோ என்ற சீடரின் வினாவை ஆண்டவர் இரு பக்கமும் மறுத்துவிடுகிறார். மோகனைப் போலவே இவனும் வெளியே தள்ளப்படுகிறான். தள்ளப்பட்டவனைத் தேடி ஒருவர் வருகிறார். சிலை ஏதும் எழுப்பப்படவில்லை.

அடுத்த ஆண்டுப் பண்டிகைக்கு இவ்வதிகாரத்தையே எடுத்தோம். உடற்குறையுடைய நடிகர்களையே கொண்டு 1980இல் இங்கிலாந்தில் தொடங்கப்பட்ட கிரேயே நாடகக் குழுவைப் பற்றி அதற்குமுன் படித்திருந்தோம். ஆகையால் பார்வையுள்ள வாலிபன் கண்ணை மூடிக்கொண்டு தடவி நடப்பதை விரும்பவில்லை. சபையில் பிறவியிலேயே பார்வையற்ற ஒருவர் இருந்தார், நாற்பது வயது, பேச்சில் வல்லவர். மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டார். பரிசேயருக்கு விடையளிக்கும் காட்சியில் நாம் எழுதாத சொற்களையும் சேர்த்துக்கொண்டார்; அவை நாம் எழுதியவற்றினும் நன்றாயிருந்தன. கண் திறக்கும் காட்சியை எவ்வாறு நடிப்பது என்று தயங்கினோம். அதை மேடைக்கு வெளியே வைத்துவிடலாம் என்று அவரே வழி சொன்னார்.

அதிகாரத்தின் இறுதிக்கு வந்தபோதுதான் தடை எழுந்தது. 39 முதல் 41 வரையுள்ள வசனங்களில் குருட்டுத்தன்மை பரிசேயரின் பாவத்துக்கு உவமையாகிறது. நடுவயதில் பார்வை இழந்த பர்மிங்காம் இறையியலாளர் ஜான் ஹல், 2001இல் வெளியிட்ட தம் நூலில், இந்நற்செய்தி பார்வையின்மையை இவ்வாறு பயன்படுத்துவதைக் குறித்தே வருந்தி வாதிட்டிருந்தார். நம் சபையார் ஹல்லைப் படித்தவரல்லர். ஆனாலும் ஒத்திகையில் அவ்வசனங்களைக் கேட்டவுடன், “இவ்வளவு நேரம் என் பக்கம் பேசிவிட்டு, கடைசியில் என்னையே வசைச்சொல்லாக்குகிறீர்களே, ஐயா” என்றார். நாம் கிரேக்க மூலத்தையும் யோவானின் முரண்சுவையையும் எடுத்து விளக்கினோம். பொறுமையாகக் கேட்டார். அவ்வசனங்கள் பேசப்படும்போது தாம் மேடையில் நிற்பதற்கில்லை என்று மட்டும் சொன்னார். பண்டிகையன்று அவர் இறங்கி முன்வரிசையில், மடங்கிய விரல்களுடைய அந்த முதியவருக்குப் பக்கத்தில், அமர்ந்த பின்பே அந்த மூன்று வசனங்களும் திரைக்குப் பின்னிருந்து வாசிக்கப்பட்டன. அவற்றை விட்டுவிட்டிருக்க வேண்டும் என்பது அவருடைய கருத்து. வாசித்தது சரியே என்பது நம்முடையது. இதைக் குறித்து இன்றும் எமக்குள் வழக்குத் தீர்ந்தபாடில்லை.