பிளண்ட் கண்ட உப்பு வரி

யானைக்கவுனிப் பாலத்துக்கு அருகிலுள்ள ரயில்வே சரக்கு நிலையத்தின் பெயர் இன்றும் ‘சால்ட் கொட்டார்ஸ்’. கொட்டாரம் என்றால் கிடங்கு. எண்ணூர்ப் பக்கத்து உப்பளங்களில் விளைந்த உப்பு கால்வாய்ப் படகுகளில் சென்னைக்கு வந்தது. 1805 முதல் சென்னை மாகாணத்தில் உப்பு அரசின் தனியுரிமையாக இருந்தது. அந்த உப்பின் மீதான வரியைக் கண்டித்து ஆங்கிலேயர் ஒருவரே எழுதிய நூல் ‘ஐடியாஸ் அபவுட் இந்தியா’ (1885).

வில்ஃப்ரிட் ஸ்காவன் பிளண்ட் (1840–1922) கவிஞர், நிலக்கிழார், முன்னாள் தூதரக அலுவலர். எகிப்தில் உராபியின் கிளர்ச்சியை ஆதரித்தவர். 1883இல், இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டிருந்த உராபியைச் சந்தித்துவிட்டு இந்தியாவுக்கு வந்தார்.

நூலின் சிறந்த பகுதி வேளாண்மை பற்றியது. தக்காணத்தில் உப்பு மண்மேல் தானே பூத்துக் கிடக்கிறது. அதை எடுப்பது குற்றம். குடியானவர்கள் இரவில் மாடுகளை ஓட்டிச்சென்று திருட்டுத்தனமாக நக்கவிடுகிறார்கள். பிடிபட்டால் மாடு பட்டிக்குப் போகும். பூத்த உப்பைக் குவித்து அழிக்கவும் காவலர்களுக்கு உத்தரவு உண்டு என்கிறார் பிளண்ட். வரிவிகித அட்டவணை எதுவும் சொல்லாத செய்தி இது.

இதன் பின்னணி முக்கியமானது. 1876–78 பஞ்சத்தின் நடுவில்தான் சென்னை மாகாணத்தில் மணங்குக்கு 1 ரூபாய் 13 அணாவாக இருந்த வரி 2 ரூபாய் 8 அணாவாக உயர்த்தப்பட்டது. அப்போது வைஸ்ராய் லிட்டன், பிளண்டின் நண்பர். 1882இல் ரிப்பன் அதை 2 ரூபாயாகக் குறைத்தார். தாம் பெரிதும் மதித்த ரிப்பனின் ஆட்சியிலும் சுமை தீரவில்லை என்று பிளண்ட் எழுதியது நேர்மையான செயல். நட்பும் மதிப்பும் அவர் கையைக் கட்டவில்லை.

ஆனால் அவருடைய பரிவு எல்லோரிடமும் ஒரே அளவில் செல்லவில்லை. 1884 ஜனவரியில் பாட்னா ரயில் நிலையத்தில் தம்மை வழியனுப்ப வந்த முஸ்லிம் பிரமுகர்களை ஓர் ஆங்கில மருத்துவர் தடியைக் காட்டி மிரட்டியபோது, பிளண்ட் ரிப்பனுக்கே புகார் எழுதினார். அங்கே அவமதிக்கப்பட்டவர்களுக்குப் பெயரும் முகமும் உண்டு. உப்புக்காகத் தவித்த குடியானவர்களோ பெரும்பாலும் ‘ரயத்துகள்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகிறார்கள். உப்பளத்தில் கால் வெடிக்க நின்று உப்பை வாரியவர் அந்தச் சொல்லுக்குள்ளும் இல்லை.

பிளண்டுக்குத் தமிழோ தெலுங்கோ தெரியாது. ஆங்கிலம் அறிந்தவர்களின் வழியாகவே கிராமம் அவரிடம் வந்தது. 1909இல் வெளியான அவருடைய நாட்குறிப்பு ‘இந்தியா அண்டர் ரிப்பன்’ அவர் யார் யாருடன் பேசினார் என்பதைக் காட்டுகிறது. மாணவர்கள் அதை முதலில் படித்துவிட்டு 1885 நூலுக்கு வருவது நல்லது.