ஊமைப் படமும் உயிரிசையும்

பேசும் படம் பிறக்குமுன்னர்ப் பாரத நாட்டுப் படமாளிகைகளில் ஆர்மோனியமும் தபேலாவும் திரையின் ஓரத்தே அமர்ந்து ஊமைப் படத்துக்கு நாவாயின. 1931 இல் 'ஆலம் ஆரா' பேசத் தொடங்கியதும் அக்கலைஞர் எழுந்து போயினர். அவர்தம் இருக்கையில் இலண்டன் சிம்பனி வாத்தியக் குழுவினர் வந்தமர்ந்தமை இந்நூற்றாண்டின் விந்தைகளுள் ஒன்று.

ஜேர்மனியரான பிரான்ஸ் ஒஸ்டன் 1929 இல் நெறிப்படுத்திய 'பிரபஞ்ச பாசம்' மகாபாரதச் சூதின் சாயலுடையது. முனிவர் மகளொருத்தியை விரும்பிய மன்னர் இருவரின் கதை. வஞ்சக மன்னனாக இமான்சு ராய் நடித்தார். இதற்கென நிதின் சானி புதிதாக யாத்த இசை, இந்திய சுதந்திரத்தின் 60ஆம் ஆண்டையொட்டி, 2007 ஓகஸ்டில் திரபல்கார் சதுக்கத்தின் திறந்தவெளியிலே படத்தோடு வாசிக்கப்பெற்றது. யான் நேரிற் கேட்டவனல்லன்; பதிவைக் கேட்டே எழுதுகின்றேன். பதிவிலே திருத்தங்கள் செய்யலாமாதலின், மேடையின் இடர் அதில் மறைந்துபோதலும் கூடும்.

யானையும் குதிரையும் அணிவகுக்குங்கால் பெருங்குழுவின் முழக்கம் பொருந்துகின்றது. சூதாடு களத்திலோ நாம் காணவேண்டியவை விரலும் கண்ணிமையுமே. அங்கும் இசை ஓயாமை எனக்கு உவப்பன்று. இது சானியின் குறையென்பதினும், ஊமைப் படத்தை ஒரு கணமும் ஒலியின்றி விடலாகாதென்ற மேலைமரபின் குறையென்பதே நேர்மை.

நம் கிழக்கிலங்கைக் கூத்திலே, மத்தளம் ஏந்திய அண்ணாவியார் ஆடுவோன் காலைப் பார்த்துத் தாளம் தருகின்றார். கால் சோர்ந்தால் மத்தளம் பொறுக்கும். ஆட்டம் முறுகினால் அதுவும் முறுகும். ஆடுவோனும் மத்தளத்துக்குச் செவி சாய்ப்பான். திரையில் ஆடுவோனோ செவியற்றவன், 1929 இலேயே ஆடி முடித்துவிட்டான், எவர்பொருட்டும் நில்லான். இசைநடத்துநரே அவன்பின் ஓடவேண்டும். குழு பெருகப் பெருக அவ்வோட்டம் அரிதாகும். திருகோணமலைத் துறையிலே பெருங்கப்பல் திரும்புவதையும் வள்ளம் திரும்புவதையும் கண்டோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஒஸ்டனின் 'சிராஸ்' (1928) தாஜ்மகாலின் கதை. அதற்கு அனுஷ்கா சங்கர் இசை யாத்து, 2017 ஒக்டோபரில் இலண்டன் பார்பிக்கன் மண்டபத்தில் சிறு குழுவொன்றோடு தாமே சித்தார் வாசித்தார். சித்தாரின் ஒற்றைச் சுரம் தேய்ந்து அடங்குகையில் நடிகர் முகத்தைக் காண நமக்கு அவகாசம் கிடைக்கின்றது. வள்ளமே வென்றது என்பேன்.

தென்னகத்து ஊமைப் படங்களுள் எஞ்சிய 'மார்த்தாண்ட வர்மா' (1933) பூனா திரைப்பட ஆவணக் காப்பகத்தில் உள்ளது. அதற்கு எழுபது வாத்தியங்கள் வேண்டா. ஒரு நாகசுரமும் திரையை விட்டுக் கண்ணெடாத ஒரு மத்தளக்காரரும் போதும்.