விருந்தினரா, வீட்டினரா?

தமிழிலக்கியப் பாடத்திட்டங்களை நோக்குங்கால் ஒரு தொடர் நம் கண்ணில் அடிக்கடி படுகிறது: ‘தமிழுக்கு இஸ்லாமியர் ஆற்றிய தொண்டு.’ நன்மனத்தோடு வழங்கும் தொடர்தான். எனினும், தன் வீட்டில் விளக்கேற்றுபவன் அவ்வீட்டுக்குத் தொண்டு செய்தான் என்று எவரும் கூறுவதில்லை.

இச்சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில், கறுப்பர் முதலான இனங்களின் வரலாறு பாடமாக வேண்டுமெனச் சான்பிரான்சிஸ்கோ அரசுக் கல்லூரி மாணவர்கள் 1968 நவம்பரில் வேலைநிறுத்தம் தொடங்கினர். ஏறத்தாழ ஐந்து திங்கள் நீண்ட அப்போராட்டத்தின் பயனாக, 1969இல் அங்கே இனவியல் கல்விக்கெனத் தனிப் பிரிவு பிறந்தது. பெர்க்கிலிப் பல்கலைக்கழகம் 1989இல் அடுத்த அடியை வைத்தது. இளநிலை மாணவர் அனைவரும் அமெரிக்கப் பண்பாடுகள் பற்றிய பாடமொன்றைப் பயிலவேண்டும்; அது குறைந்தது மூன்று இனத்தாரை ஒப்புநோக்கவேண்டும். அவ்வினங்களுள் ஒன்றாகவே ஐரோப்பிய வழியினரும் எண்ணப்பட்டனர் என்பதே சிறப்பு.

முதல் அடி இங்கும் வைக்கப்பட்டது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்துக்கெனத் தனி இருக்கை அமைந்தது. இலங்கை அறிஞர் ம. மு. உவைஸ் அதன் பேராசிரியரானார். அவரும் பீ. மு. அஜ்மல்கானும் இவ்விலக்கியத்தின் வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதினர். அப்பயனை மறுப்பார் இலர். அடுத்த அடியே நிலுவையில் உள்ளது. தனித் தாளைத் தெரிவு செய்யாத மாணவன் சீறாப்புராணத்தை ஊன்றிக் கல்லாமலே பட்டம் பெற்றுவிடலாம். கோசலத்தைத் தமிழ் மருதமாக்கிய கம்பரையும், அரபு நாட்டில் தமிழ் வயலைக் கண்ட உமறுப்புலவரையும், யூதேயாவுக்குத் தமிழ் வளம் தந்த வீரமாமுனிவரையும் ஒரே வகுப்பில் வைத்தாலன்றோ காப்பிய மரபு முழுமையாய் விளங்கும்?

மாந்தர் இனங்களாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கப்பட்டது ஒருவரையொருவர் அறிதற்பொருட்டே என்பது அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் போதனை. அவ்வறிதலைச் சுட்டும் ‘தஆருஃப்’ என்னும் அரபுச் சொல்லின் வாய்பாடே இருபாற் செயலைக் குறிப்பதென ஸர்ஃபு இலக்கணம் கற்றோர் அறிவர். ஒருசாரார் மட்டும் மற்றவரை அறிவது தஆருஃப் ஆகாது.

நமக்கும் கடன் உண்டு. தொப்பம்பட்டியிலிருந்து பழனிக்கும் திண்டுக்கல்லுக்கும் கல்லூரி செல்லும் நம் பிள்ளைகளுள் எத்துணைப் பேர் சீறாவின் மூன்று காண்டங்களைப் பொருளுடன் சொல்வர்? விலாதத்து என்பது பிறப்பு, நுபுவ்வத்து, நபித்துவம், ஹிஜ்ரத்து, மதீனாவுக்குப் பெயர்ந்தமை. நம் இல்லத்தில் திறவாத நூலைப் பிறர் கற்கவில்லையென வருந்துதல் முறையன்று. பல்கலைக்கழகங்கள் சீறாவைப் பொதுப்பாடத்தில் வைக்கட்டும். அதுவரை காத்திராமல், இஷாவுக்குப் பின் நாளொரு செய்யுளேனும் நம் வீடுகளில் ஒலிக்கட்டும்.