முடிக்காமல் போனவர்களும் முடித்து வைத்தவர்களும்

சீதக்காதி என்று நாம் அழைக்கும் செய்கு அப்துல் காதிர் மரைக்காயர் அடங்கியிருப்பது கீழக்கரைப் பழைய ஜும்மா பள்ளியில். கிழவன் சேதுபதி ஆண்ட காலத்தில் அவர் சொல்லுக்கு ராமநாதபுரம் அரண்மனை வரை மதிப்பு இருந்தது. கப்பல் வைத்து வணிகம் செய்தவர், புலவர்களுக்கு வாரிக் கொடுத்தவர். 'செத்தும் கொடுத்தான் சீதக்காதி' என்று பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லும். ஆனால் அவர் ஆசைப்பட்டுத் தொடங்கிவைத்த மிகப் பெரிய நூலுக்கு, செத்தபின் அவரால் கொடுக்க முடியவில்லை.

நபிகள் நாயகத்தின் வாழ்வைத் தமிழில் காப்பியமாகப் பார்க்கவேண்டும் என்பது அவர் விருப்பம். எட்டயபுரம் கடிகைமுத்துப் புலவரின் மாணவர் உமறுப்புலவர் பாட ஒப்புக்கொண்டார். தமிழ் அவரிடம் இருந்தது. அரபு நூல்களின் செய்திகளை எடுத்துச் சொல்ல ஓர் ஆலிம் வேண்டும். கீழக்கரையின் பெரிய ஆலிம் சதக்கத்துல்லா அப்பா முதலில் மறுத்தார் என்றும், பிறகு மனமிரங்கிப் பரங்கிப்பேட்டையில் இருந்த தம் மாணவர் லெப்பை அலி ஹாஜியாரிடம் அனுப்பினார் என்றும் சொல்வார்கள். பாட்டு வளர்ந்துகொண்டிருந்தபோதே சீதக்காதி காலமானார். பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் பொறுப்பை ஏற்றிராவிட்டால் சீறாப்புராணம் அங்கேயே நின்றிருக்கும். நூலுக்குள் பல இடங்களில் வாழ்த்தப்படுபவர் அவர்தான். சீதக்காதியின் பெயர் நூலில் இல்லை.

அப்படியும் நூல் முடியவில்லை. மூன்று காண்டங்கள், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்கள். உறனிக் கூட்டத்தார் படலத்தோடு நின்றுவிடுகிறது. மக்கா வெற்றி இல்லை, இறுதி ஹஜ் இல்லை, நாயகத்தின் மறைவு இல்லை. முதலில் புரவலர் போனார், பிறகு முடிக்காமலே புலவரும் போனார் என்பதுதான் வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. மிச்சத்தைப் பனீ அகமது மரைக்காயர் பாடினார். அதற்குச் 'சின்ன சீறா' என்று பெயர். அடக்கமான பெயர். அந்த அடக்கமே அவருக்கு எதிராகப் போய்விட்டது என்று நினைக்கிறேன். உமறுவைத் தெரிந்த நூறு பேரில் ஒருவருக்காவது பனீ அகமதுவைத் தெரிந்திருக்குமா?

எழுதியவர் போன பிறகு வாசகர் என்ன செய்கிறார் என்று பார்க்கப் புகுந்தால், சீறா போன்ற ஒரு பக்திக் காப்பியத்தையும் மாயாஜாலத் தொடரையும் ஒரே வரிசையில் வைக்கலாமா என்ற கேள்வி எழும். நூல்களின் தகுதி வேறு வேறுதான். ஆனால் பாதியில் கைவிடப்பட்ட செவிகள் எல்லாக் காலத்திலும் ஒன்றையேதான் கேட்டிருக்கின்றன: "அப்புறம்?"

இதற்கு எழுத்தில் கிடைக்கும் பழைய சாட்சிகளில் ஒன்று ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஹர்ஷரின் அவையில் இருந்த பாணபட்டர் 'காதம்பரி'யைப் பாதியில் விட்டு இறந்தார். பிறவி தாண்டிய காதல், சாபம், கிளி சொல்லும் கதை என்று போகும் நூல். இன்று எழுதியிருந்தால் மிகுபுனைவு அலமாரியில் வைத்திருப்பார்கள். மகன் பூஷணபட்டர் பின்பாதியை எழுதினார். அதன் தொடக்கத்திலேயே காரணத்தையும் சொல்லிவிடுகிறார்: தந்தையோடு கதையும் அறுந்துபோனதால் நல்லோர் படும் துயரத்தைப் பார்த்துத்தான் தொடங்கினேன், கவிச்செருக்கால் இல்லை என்று. வாசகரின் துக்கத்தை ஒரு நூலின் முகப்பிலேயே பதிவு செய்த நேர்மை இது. பின்னால் வந்த எந்த முன்னுரையும் இதைத் தாண்டிவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

அதே கதை காசியில் திரும்பவும் நடந்தது. தேவகிநந்தன் கத்ரியின் 'சந்திரகாந்தா' 1888இல் வெளிவந்தது. மாறுவேட ஒற்றர்களும் மந்திரப் பொறி மாளிகைகளும் நிறைந்த அந்த நாவலைப் படிப்பதற்காகவே பலர் இந்தி கற்றார்கள் என்பார்கள். அதே உலகத்தில் கிளைத்த 'பூத்நாத்' ஆறு பாகம் வந்த நிலையில் 1913இல் கத்ரி காலமானார். மீதியை எழுதியவர் மகன் துர்காபிரசாத்.

தமிழில் இந்த இடத்துக்கு உரியவர் கல்கி.   'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்து முடிந்தது. முடிந்த கதைக்கே வாசகர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. சட்டென்று நிறுத்திவிட்டீர்களே, இவர் என்ன ஆனார், அவள் என்ன ஆனாள் என்று எழுதிக் கேட்டார்கள். கல்கி முடிவுரை ஒன்று எழுதிப் பாத்திரங்களின் பிற்கால வாழ்வைச் சொல்லவேண்டி வந்தது. ஆசிரியர் உயிரோடு இருந்ததால் கேட்க ஆள் இருந்தது. அதே ஆண்டு டிசம்பர் 5ஆம் தேதி கல்கி மறைந்தபோது 'அமரதாரா' பாதியில் நின்றது. யாரிடம் கேட்பது? மகள் ஆனந்தி, தந்தையின் குறிப்புகளைக் கொண்டு அதை முடித்தார். பொன்னியின் செல்வனின் பாத்திரங்களையோ வாசகர்கள் அதற்குப் பிறகும் விடவில்லை. விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' எழுதினார். அவருக்குப் பின்னும் பலர் அந்தச் சோழ உலகத்தைத் தொடர்ந்தார்கள். முடியாத அமரதாராவைவிட முடிந்த பொன்னியின் செல்வனுக்குத்தான் வாரிசுகள் அதிகம் என்பது வேடிக்கை.

பாரதியின் 'சந்திரிகையின் கதை'க்கு அப்படி யாரும் வரவில்லை. 1921இல் நின்ற இடத்திலேயே அது நிற்கிறது. புதுமைப்பித்தனின் 'அன்னை இட்ட தீ'யும் அப்படித்தான். இவற்றை முடித்து வைக்க ஒருவர் துணிந்திருந்தால் நாமே விட்டிருக்கமாட்டோம். நடைக்காகப் படிக்கப்படுபவரின் இடத்தில் இன்னொருவர் உட்கார முடியாது.

உ.வே.சாமிநாதையர் விஷயம் வேறு மாதிரி. 1940 தொடங்கி ஆனந்த விகடனில் வந்த 'என் சரித்திரம்' 122 அத்தியாயங்களோடு, 1942 ஏப்ரலில் அவர் மறைந்தபோது நின்றது. கதை 1900 அளவில் அறுகிறது. இதில் ராமநாதபுரத்துக்காரர்களுக்குத் தனி நஷ்டம் உண்டு. அவர்கள் ஊரின் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் தமிழ்ச் சங்கம் நிறுவியது 1901இல். ஐயர் அதைத் தம் வாயால் சொல்லும் அத்தியாயம் நமக்குக் கிடைக்கவே இல்லை. மாணவர் கி.வா.ஜகந்நாதன் பிற்பகுதி வாழ்வை 'என் ஆசிரியப்பிரான்' என்று எழுதினார். ஆசிரியரின் குரலில் பேச முயலாமல், மாணவனாகவே நின்று எழுதினார். சரியான முடிவு.

மேலைநாட்டில் துக்கம் சில நேரம் கேளிக்கையாகவும் மாறியிருக்கிறது. டிக்கன்ஸ் 1870இல் இறந்தபோது 'எட்வின் ட்ரூட்' பன்னிரண்டு பகுதிகளில் ஆறுதான் எழுதப்பட்டிருந்தது. கொலைகாரன் யார் என்று தெரியாமல் தவித்தவர்கள் 1914இல் லண்டனில் பொய் நீதிமன்றமே நடத்தினார்கள். நீதிபதி செஸ்டர்டன், ஜூரித் தலைவர் பெர்னார்ட் ஷா. கடைசியில் தம்மைத் தவிர எல்லோருக்கும் நீதிமன்ற அவமதிப்பு என்று செஸ்டர்டன் அபராதம் போட்டார்.

ராபர்ட் ஜோர்டன் 2007 செப்டம்பரில் இதயத்தைத் தாக்கும் அரிய நோயால் இறந்தார். 'வீல் ஆஃப் டைம்' மிகுபுனைவுத் தொடரின் கடைசிப் பாகம் பாக்கி. சாவு வருகிறது என்று தெரிந்தவர், குறிப்புகளை விட்டு, கதையைக் குடும்பத்தாரிடம் வாய்விட்டுச் சொல்லி, கடைசிக் காட்சியையும் எழுதிவிட்டுப் போனார். மனைவியும் பதிப்பாசிரியருமான ஹாரியட், பிராண்டன் சாண்டர்சன் எழுதிய அஞ்சலிக் குறிப்பைப் படித்தபின் அவரைத் தேர்ந்தார். ஒரு பாகம் மூன்றாகப் பெருகி 2013இல் முடிந்தது. ஜப்பானில் 'பெர்செர்க்' சித்திரக்கதைத் தொடரை வரைந்த கென்டாரோ மியுரா 2021இல் மறைந்தபோது எழுத்துக் குறிப்பு கைகொடுக்கவில்லை. பள்ளித்தோழர் கோஜி மோரியிடம் பல ஆண்டுகளுக்கு முன் கதை முழுவதையும் சொல்லியிருந்தார். மியுரா சொன்னதை மட்டுமே தருவேன் என்ற உறுதியோடு மோரி மறு ஆண்டு தொடரை மீட்டார்.

இந்த ரசிகர்களிடம் துக்கத்தோடு கோபமும் உண்டு. பணம் கொடுத்து இத்தனை பாகம் வாங்கினோமே என்ற கணக்கு அது. மிகுபுனைவுத் தொடர் எழுதும் ஜார்ஜ் மார்ட்டின் உயிரோடு இருக்கும்போதே, 2011க்குப் பிறகு அடுத்த பாகம் வரவில்லை என்று அவரிடம் கடன்காரர்போல நிற்கிறார்கள். தமிழ்ப் புலமை மரபில் இந்தக் கோபத்தைக் காண்பது அரிது. காஞ்சிப் புராணத்தின் முதற்காண்டம் சிவஞான முனிவர் பாடியது, இரண்டாம் காண்டம் மாணவர் கச்சியப்ப முனிவர் பாடியது. கம்பன் பாடாத உத்தர காண்டத்தை ஒட்டக்கூத்தர் பேரில் வைத்திருக்கிறோம். நூல் முடிவது ஓர் ஆளின் ஆயுளோடு கட்டப்பட்டதில்லை என்ற எண்ணம் இதற்குள் இருக்கிறது. பாலாஜி தரணிதரனின் 'சீதக்காதி' படத்தில் இறந்த நாடகக் கலைஞரின் கலை மற்றவர்கள் உடம்பில் புகுந்து நடிக்கும். கீழக்கரை மரைக்காயரின் பெயரை அதற்கு வைத்தது பொருத்தம்தான்.

ஆனால் நம் பெருந்தன்மைக்கு ஒரு மறுபக்கம் உண்டு. முடித்தவரின் பெயரை நாம் எளிதில் மறக்கிறோம். ஆனந்தி 'கல்கியின் மகள்' என்ற அளவில் நின்றுபோனார். சாண்டர்சனுக்கு அட்டையில் ஜோர்டனோடு பெயர் கிடைத்தது. பனீ அகமது மரைக்காயருக்கு இலக்கிய வரலாற்று நூல்களில் கிடைப்பது ஒரு வரி.

சீறாப்புராணத்தை 1842இல் அச்சில் கொண்டுவந்தவர் செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம். அவருக்குப் பின் பதிப்புகள் பல வந்துவிட்டன. இனி அதைப் பதிப்பிக்கும் யாரும் சின்ன சீறாவையும் ஒரே கட்டில் சேர்த்து, கை மாறும் இடத்தைத் தெளிவாகக் குறித்து, இரு புலவர் பெயரையும் அட்டையில் போட்டு வெளியிடவேண்டும். கீழக்கரையிலும் பரங்கிப்பேட்டையிலும் வசதியுள்ள மரைக்காயர் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. அவர்களில் ஒருவர் முன்வந்தால் போதும்.