கோடு உயராத மாரடைப்பு

நெஞ்சுவலியோடு வருபவருக்குப் பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்தாக வேண்டும். அதில் எஸ்.டி. பகுதி எனப்படும் கோடு மேலேறியிருந்தால் அது 'ஸ்டெமி'. அடைபட்ட ரத்தக்குழாயை உடனே திறக்க வேண்டும். எஸ்.டி. ஏறாமல், இதயத்தசைச் சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் மட்டும் ரத்தத்தில் கூடினால் 'என்ஸ்டெமி'. அதுவும் கூடாமல் இதயவலி ஓய்விலும் வந்தால் 'நிலையற்ற ஆஞ்சைனா'. யாருக்கு முதலில் ஆஞ்சியோ (இதய ரத்தக்குழாய்ப் பரிசோதனை) என்பதை இந்தப் பெயர்களே பெரும்பாலும் தீர்மானிக்கின்றன.

இந்த வகைப்பாட்டின் பலம் எளிமை. அதற்கு அடித்தளமிட்டவை பெரிய மருந்தாய்வுகள். 1988-இல் வெளியான ஐசிஸ்-2 ஆய்வில், மாரடைப்புச் சந்தேகத்தோடு வந்த சுமார் 17,000 பேர் பங்கேற்றனர். ஆஸ்பிரினும் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸும் சேர்ந்து ஐந்து வார இறப்பை ஏறத்தாழ 40 சதவீதம் குறைத்தன. இத்தகைய கட்டி கரைக்கும் மருந்து எஸ்.டி. உயர்ந்தவர்களைக் காப்பாற்றுகிறது, எஸ்.டி. தாழ்ந்தவர்களுக்கு உதவவில்லை என்று 1994-இல் ஒரு தொகுப்பாய்வு காட்டியது. இதய நிபுணர் இல்லாத ஊரிலும் ஒரு தாளைப் பார்த்துச் சிகிச்சையைத் தொடங்க வழி பிறந்தது. தமிழ்நாட்டில் சிறிய மருத்துவமனைகளையும் ஆம்புலன்ஸ்களையும் ஆஞ்சியோ வசதியுள்ள மையங்களோடு இணைத்த திட்டம் இதற்குச் சான்று. 2017-இல் வெளியான அதன் ஆய்வில், 2,420 ஸ்டெமி நோயாளிகளிடையே ஓராண்டு இறப்பு 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்திருந்தது.

கோடு ஏறாதவர்களின் கதி என்ன?

என்ஸ்டெமி என்று பெயரிடப்பட்டவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குக் குழாய் முழுவதும் அடைபட்டிருந்ததாக 2017-இன் மற்றொரு தொகுப்பாய்வு சொல்கிறது. இறப்பும் அவர்களிடையே கூடுதல். இதயத்தின் பின்சுவரில் நேரும் மாரடைப்பு, வழக்கமான 12 லீடு ஈசிஜியில் பெரும்பாலும் எஸ்.டி. தாழ்வாகவே தெரியும்; முதுகுப்பக்கம் வி7 முதல் வி9 வரை லீடுகளை (மின்முனைகளை) ஒட்டினால்தான் உயர்வு வெளிப்படும். அதைச் செய்யாத இடத்தில், உடனடிச் சிகிச்சை தேவைப்படுபவர் மறுநாள் ஆஞ்சியோவுக்குக் காத்திருக்கிறார். அதற்குள் இதயத்தசை செத்துவிடுகிறது.

ஆகவே எஸ்.டி. அளவுகோலை விட்டுவிட்டு, 'குழாய் அடைபட்டதா, இல்லையா' என்றே பிரிக்கலாம் என்று அமெரிக்க மருத்துவர்கள் சிலர் 2018 முதல் வாதிடுகிறார்கள். நியாயமான வாதம். ஆனால் நுட்பமான ஈசிஜி மாற்றங்களைப் படிக்கத் தேர்ந்த கண் வேண்டும். தவறாகப் படித்துக் கட்டி கரைக்கும் மருந்தைக் கொடுத்தால் மூளையில் ரத்தக்கசிவு ஏற்படக்கூடும்.

பழைய வகைப்பாட்டைக் கைவிடாமலே பல உயிர்களைக் காக்கலாம். வலி தொடர்ந்தால் ஈசிஜியைத் திரும்பத் திரும்ப எடுப்பதும், சந்தேகம் வந்தால் முதுகுப்பக்க லீடுகளை ஒட்டுவதும் பெரிய செலவில்லாதவை. மருந்துக்கும் அடங்காத வலி இருந்தால் என்ஸ்டெமி என்றாலும் இரண்டு மணி நேரத்துக்குள் ஆஞ்சியோ என்று ஐரோப்பிய வழிகாட்டுதலே சொல்கிறது. பெரிய மையத்துக்கு அனுப்பும் ஏற்பாடுகள் ஸ்டெமியோடு நின்றுவிடாமல் இவர்களுக்கும் அதே வேகத்தில் இடம் தர வேண்டும்.