நோயாளி நோயாளிக்கு எழுதியவை

நோயுற்றோரைக் காணச் செல்லும் நம் பங்கு மக்களின் கையில் பழப்பையோடு சிறு பிரசுரம் ஒன்றும் இருப்பது வழக்கம். துன்பத்தில் மனந்தளராதே என்று அது அறிவுறுத்தும். எழுதியவர் நல்ல உடல்நலத்தோடு மேசைமுன் அமர்ந்து எழுதினார் என்பதைப் படுக்கையில் கிடப்பவர் இரண்டே வரிகளில் கண்டுகொள்வார். இந்தக் குறையைத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே எடுத்துச் சொன்ன நூல் ஒன்று, இராஜபாளையத்திற்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நிழல்தரும் இதே மேற்குமலைத் தொடரின் தென்கோடி அடிவாரத்தில், டோனாவூரில் பிறந்தது. ஏமி கார்மைக்கேல் எழுதிய ‘ரோஸ் ஃப்ரம் பிரையர்’ (1933) அது. முட்செடியில் பூத்த ரோஜா எனலாம்.

ஆசிரியை நம் திருச்சபையைச் சார்ந்தவர் அல்லர். அயர்லாந்தில் பிறந்து 1895இல் இந்தியா வந்த சீர்திருத்த சபைப் பணியாளர். 1931 அக்டோபர் 24 அன்று களக்காட்டில், மருந்தகத்திற்கென ஏற்பாடாகியிருந்த வீட்டைப் பார்வையிடச் சென்றவர், மாலை மங்கலில் குழியொன்றில் விழுந்து கால் முறிந்தார். அப்போது வயது 63. அதன்பின் 1951 ஜனவரி 18 அன்று இறக்கும்வரை பெரும்பாலும் ஓர் அறையே அவருடைய உலகம். நூற்றுக்கணக்கான குழந்தைகளுக்கு ‘அம்மா’வாக ஓடியாடித் திரிந்தவருக்கு இது எத்தகைய சிறை என்பதை விளக்க வேண்டியதில்லை.

நோயுற்ற பிறருக்கு அவர் எழுதிய மடல்களே இந்நூல். ஏற்றுக்கொள்ளுதல் வேறு, வேறு வழியின்றி அடங்கிப்போதல் வேறு என்று அவர் காட்டும் வேறுபாடுதான் இதன் உயிர்நாடி. “எல்லாம் அவர் சித்தம்” என்று நாம் பெருமூச்சு விடும்போது, அதில் பாதிக்குமேல் களைப்புத்தான், விசுவாசம் குறைவு. ஏற்றுக்கொள்பவரோ வலியை வலியென்றே சொல்வார். குணமாக வேண்டும் என்றும் மன்றாடுவார். குணம் வராத நாளிலும் அன்றைய வேலை என்னவென்று கேட்பார். கார்மைக்கேலுக்கு அந்த வேலை எழுத்தாக அமைந்தது. பல நூல்கள் அந்த அறையிலிருந்தே வெளிவந்தன.

இங்கே புனித இஞ்ஞாசியாரை நினையாமல் இருக்க முடியாது. 1521 மே மாதம் பம்பலோனா கோட்டையில் பீரங்கிக் குண்டு அவர் காலை முறித்தது. லொயோலாவில் படுத்திருந்தபோது வீரக் கதைகள் கிடைக்காமல், கையில் கிடைத்த கிறிஸ்துவின் வரலாற்றையும் புனிதர் சரிதைகளையும் படித்தார், மனம் மாறினார். ஆனால் அவர் எழுந்து, நொண்டியபடியேனும் நடந்து போனார். நாம் எழுதும் சாட்சியங்கள் எல்லாம் இந்த அச்சில் வார்த்தவையே: நோய் வந்தது, செபித்தேன், குணமானேன், இனி இறைப்பணி. வாழ்வின் பொருள் குணமான மறுநாள்தான் தொடங்குகிறது. அப்படியானால் குணமாகாதவர் கதி என்ன? தம் விசுவாசம் போதவில்லையோ என்ற இரண்டாவது நோயையும் இச்சாட்சியங்கள் அவருக்குக் கொடுத்துவிடுகின்றன. டோனாவூர் மடல்களில் அந்தக் கொடுமை இல்லை.

நூலில் குறைகளும் உண்டு. ஆங்கிலக் கவிதைகளின் வாசனை சற்றுத் தூக்கல். அதைவிட முக்கியமானது ஒன்று: ஆசிரியைக்குத் தனி அறையும், வேளைக்கு உணவும், பணிவிடை செய்ய அன்புக் கைகளும் இருந்தன. இராஜபாளையத்து நூற்பாலையில் பஞ்சுத் தூசி படிந்து நுரையீரல் கெட்டவருக்கு, நோய் என்பது முதலில் கூலியிழப்பு, பிறகு கடன், அதன்பின்தான் இறையியல். உடனிருந்து எச்சில் துடைக்கும் மனைவியின் சிலுவையைப் பற்றியும் இம்மடல்கள் போதிய அளவு பேசவில்லை. (இவருடைய முந்தைய நூலான ‘திங்ஸ் ஆஸ் தே ஆர்’ இந்து சமயத்தாரை நோக்கும் பார்வை, ஆண்டாள் கோபுரத்தைப் பார்த்தபடி அயலாரோடு வாழும் நமக்கு உவப்பானதன்று. நல்லவேளை, நோய்ப்படுக்கை அந்தக் குரலைத் தணித்திருக்கிறது.)

1981 மே 13 அன்று சுடப்பட்டு மருத்துவமனையில் கிடந்த திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர், துன்பத்தின் மீட்புப் பொருள் குறித்து 1984இல் திருத்தூது மடல் வரைந்தார். அதுவும் ஒருவகையில் நோயாளி நோயாளிக்கு எழுதியதே. நம் முன்னோர் ‘அவஸ்தைபூசுதல்’ என்று அஞ்சிய அருட்சாதனத்தை ‘நோயில்பூசுதல்’ என்றே அழைக்கிறோம். சாகும் தறுவாயில் இருப்பவருக்கு மட்டும் உரியதன்று அது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் தெளிவுபடுத்தியது. பெயர் மாறியும் இலக்கியம் மாறவில்லை. நோயாளர் இன்னும் நமக்கு எழுதப்படும் பொருளாகவே இருக்கின்றனர், எழுதுபவராக ஆகவில்லை. முதல் வெள்ளியில் வீடு வீடாக நற்கருணை கொண்டு செல்லும் குருக்களும் கன்னியரும், அடுத்த மாதம் ஒரு குறிப்பேட்டையும் எடுத்துச் செல்லட்டும். பேனா பிடிக்க இயலாதவர் சொல்லச் சொல்ல, அருகிருக்கும் பேரப்பிள்ளை எழுதிக்கொள்ளலாம்.