செப்பேடு சொல்லாத கொலை

எளாவூர் அடங்கிய திருவள்ளூர் மாவட்டத்திலேயே திருவாலங்காடும் உள்ளது. முதலாம் இராசேந்திரசோழன் தன் 6ஆம் ஆட்சியாண்டில் அவ்வூர்ச் சிவன்கோயிலுக்குப் பழையனூரைக் கொடையாக அளித்தான். அதனைப் பதிந்த செப்பேடுகளின் வடமொழிப் பகுதி, சோழர் குலத்தைச் சூரியனிலிருந்து தொடங்கிப் போற்றும் நெடும் புகழுரையாகும். பின்னாளில் நிகழ்ந்த கங்கை, கடார வெற்றிகளும் அதில் இடம்பெறுதலின், அப்பகுதி பிற்பாடு சேர்க்கப்பட்டதென்பது தெளிவு. நிலக்கொடை ஆவணமே அரச குடும்பம் விரும்பிய வரலாற்றைச் சுமந்து நிற்கிறது.

இராசராசனின் தமையன் ஆதித்த கரிகாலன் விண்ணுலகைக் காணும் விருப்பால் மறைந்தான் என்கிறது அப்புகழுரை. குடிகள் வேண்டியும், சிற்றப்பன் முறையினனான உத்தமசோழன் நாட்டை விரும்பும்வரை தான் அதனை மனத்தாலும் விழையேன் என இராசராசன் ஒதுங்கினானாம். ஆனால், காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கல்வெட்டு வேறு செய்தி தருகிறது. இராசராசனின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அது, கரிகாலனைக் கொன்ற துரோகிகளாக ரவிதாசன் முதலியோரைப் பெயர் சுட்டி, அவர்தம் உறவினரின் உடைமைகளைப் பற்றிய அரசாணையைக் கூறுகிறது. புலவர் மறைத்த கொலையை நிலக்கணக்கு காட்டிவிட்டது!

இவ்விரண்டையும் ஒப்பிட்ட கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார் உத்தமனை ஐயுற்றார், தி. வை. சதாசிவ பண்டாரத்தார் அவ்வையத்தை மறுத்தார். எம்முடிவை ஏற்பினும் ஒன்று உறுதி. செப்பேடு உத்தமனைப் பற்றிக் கூறுவதைக் காட்டிலும், தன் தந்தை பூசலின்றி முறைப்படி அரியணை ஏறினார் என நிலைநாட்ட வேண்டியிருந்த மகனின் தேவையையே நமக்கு மிகுதியாக உணர்த்துகிறது. அரசியற் பரப்புரைக்குப் பொய்யைவிட மௌனமே சிறந்த கருவி. பொய்யை மறுக்கலாம், சொல்லாததை மறுப்பார் யார்?

இது அவைப்புலவர்க்கு மட்டுமே உரிய குறையன்று. தமது திருச்சபை வரலாற்றில் கிறிஸ்பஸைப் புகழ்ந்த யூசேபியஸ், பின்னர் எழுதிய கான்ஸ்டன்டைனின் வாழ்க்கை வரலாற்றில், அவ்விளவரசன் 326இல் தந்தையின் ஆணையால் கொல்லப்பட்டதைக் குறிப்பிடவேயில்லை. பேராயரின் எழுத்தாணியும் அரசன் முகம் நோக்கித் தயங்கியது.

ஆதலின், பழைய வரலாற்று நூல் எதனைக் கற்பினும் இறையியல் மாணவர் மூன்று வினாக்களை எழுப்புதல் நலம்: எழுதுவித்தவர் யார்? அவருக்கு எது தேவைப்பட்டது? புகழவேண்டிய கட்டாயமில்லாத வேறு சான்று எங்கே உள்ளது? இவ்வினாக்களைத் தம் சபையின் ஆண்டறிக்கையிடமும் கேட்கத் துணிபவரே வரலாற்றை நேர்மையுடன் கற்றவராவர்.